கணக்குக் கேட்ட அட்மிரல்

பே ஏரியாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில், வலேஹோ நகரத்துக் கேளிக்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதவர்கள் குறைவு. அந்தப் பூங்காவிலிருந்து சற்றுத் தூரத்தில் மேர் ஐலன்ட் இருக்கிறது. 1854 முதல் 1996 வரை அமெரிக்கக் கடற்படையின் கப்பல் கட்டும் தளமாக இருந்த இடம். அங்கே தரையில் ஓர் இரும்புக் கோபுரம் நிற்கிறது. விபரம் தெரியாதவர்கள் ஏதோ பழைய தொழிற்சாலையின் மிச்சம் என்று நினைத்துப் போய்விடுவார்கள். அது ‘மரியானோ ஜி. வலேஹோ’ என்ற அணு நீர்மூழ்கிக் கப்பலின் முதுகில் இருந்த பாகம். 1966இல் சேவைக்கு வந்த அந்தக் கப்பல் வயிற்றுக்குள் 16 அணு ஏவுகணைகளைச் சுமந்து திரிந்தது. அவ்வகைக் கப்பல்களை அமெரிக்கா முதலில் 41 கட்டியது. அதில் 7 கட்டப்பட்டது இந்த மேர் ஐலன்டில். அவற்றுக்கான ஏவுகணைகளை உருவாக்கியது சனிவேலில் உள்ள லொக்ஹீட் நிறுவனம்.

சனிவேல் என்றதும் எங்களில் பலருக்கு வேறொரு ஞாபகம் வரும். பொறியியல் படித்து முடித்த மகனோ மகளோ அப்படியான ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து சொல்ல, வீட்டில் ஒரு நிமிடம் ஒருவரும் பேசாமல் இருந்த அனுபவம் சிலருக்காவது உண்டு. நல்ல சம்பளம். பிள்ளைக்குப் பெருமை. ஆனால் நாம் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்து வந்தவர்கள். இந்தச் சங்கடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அணு நீர்மூழ்கிகளின் தந்தை என்று அழைக்கப்படும் அட்மிரல் ஹைமன் றிக்கோவரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறோம். அவரும் ஓர் அகதிப் பிள்ளை.

போலந்தில் வார்சோவுக்கு வடக்கே மக்கூவ் என்றொரு சிறு நகரம். அப்போது அது ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்தது. யூதர்கள் மீது ஆண்டுக்காண்டு கலவரம், கொலை, தீவைப்பு. அங்கே ஆபிரகாம் என்ற தையற்காரரின் மகனாகப் பிறந்தவர் றிக்கோவர். கடற்படைப் பதிவின்படி பிறந்த திகதி 1900 ஜனவரி 27. பள்ளிக்கூடப் பதிவு 1898 என்கிறது. கடவுச்சீட்டில் ஒரு திகதியும் சாதகத்தில் இன்னொன்றுமாக வாழும் எம்மவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தகப்பன் முதலில் நியூயோர்க் போய்ச் சேர்ந்து, தைத்துச் சேர்த்த காசில் குடும்பத்தைக் கூப்பிட்டார். தாய் றேச்சல் ஒரு பெண் பிள்ளையோடும் இந்தச் சிறுவனோடும் 1906 அளவில் எல்லிஸ் தீவில் வந்து இறங்கினார். பொறுப்பேற்க ஆள் வந்தால்தான் வெளியே விடுவார்கள், வராவிட்டால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவார்கள். தகப்பனுக்கு அனுப்பிய தந்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. கெடு முடியும் தறுவாயில், வேறு வழியாகச் செய்தி அறிந்து அவர் ஓடி வந்து மீட்டார். மக்கூவில் மிஞ்சியிருந்த யூதர்களை இரண்டாம் உலகப் போரில் நாசிகள் கொன்றொழித்தார்கள். அந்தத் தகப்பன் ஒரு நாள் பிந்தியிருந்தால் இந்தப் பிள்ளையின் பெயரும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

குடும்பம் பிறகு சிக்காகோவுக்குப் போனது. ஒன்பது வயதில் சிறுவன் வேலைக்குப் போனான். அயலவர் ஒருவர் இயந்திரத்தில் வேலை செய்யும்போது அவருக்கு விளக்குப் பிடிக்கும் வேலை, மணித்தியாலத்துக்கு 3 சதம். உயர்தரப் பள்ளியில் படிக்கும் காலத்தில் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனானான். எல்லிஸ் தீவில் சேராமல் போன தந்தியை நினைத்துப் பார்த்தால், வாழ்க்கை சில வேளைகளில் இப்படியும் வேடிக்கை செய்கிறது. அந்தத் தந்தி வேலையில்தான் அடொல்ஃப் சபாத் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் பழக்கம் கிடைத்தது. அவரும் பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய யூதர். அவருடைய சிபாரிசில் 1918இல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கடல் ஆசையை விட, காசில்லாமல் படிக்கலாம் என்பதுதான் அங்கே போனதற்குப் பெரிய காரணம். 1922இல் 540 பேரில் 107ஆவதாகத் தேறி வெளியே வந்தார்.

அடுத்த 25 ஆண்டுகளை விரைவாகச் சொல்லலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலில் முதுகலைப் பட்டம். அங்கே சந்தித்த ரூத் மாஸ்டர்ஸ் என்ற சர்வதேசச் சட்ட மாணவியோடு 1931இல் திருமணம். யூத மதத்தை விட்டுக் கிறிஸ்தவரானார். எஸ்-48 என்ற பழைய நீர்மூழ்கியில் சில ஆண்டுகள், சீனக் கரையில் ஒரு சிறு கப்பலின் தலைமை சில மாதங்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல்களின் மின்சாதனங்களுக்குப் பொறுப்பான பிரிவின் தலைவர். சண்டையில் வீரம் காட்டிய கதை ஒன்றும் அவரிடம் இல்லை. பழுதான ஆளியையும் வெடித்த கேபிளையும் ஏன் பழுதானது, யார் வாங்கியது, யார் பார்த்து ஒப்பமிட்டது என்று துருவித் துருவிக் கேட்டுப் பெயரையும் பகையையும் ஒன்றாகச் சம்பாதித்தார்.

1946இல் அணுசக்தி பற்றிப் படித்து வரக் கடற்படை சிலரை டென்னசி மாநிலத்தின் ஓக் றிட்ஜுக்கு அனுப்பியது. அதில் றிக்கோவரும் ஒருவர். அவர் அங்கே கண்ட விடயத்தை விளங்க, அதுவரை நீர்மூழ்கி என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். டீசல் இயந்திரம் ஓடக் காற்று வேண்டும். ஆகவே அந்தக் காலத்துக் கப்பல் பெரும்பாலான நேரம் நீருக்கு மேலேதான் ஓடும். ஆபத்து வந்தால் மட்டும் மூழ்கி, மின்கலத்தில் மெல்ல நகரும். மின்கலம் தீர்ந்தால் மேலே வந்தே ஆகவேண்டும். அப்போது எதிரி காத்திருப்பான். அணு உலைக்குக் காற்றுத் தேவையில்லை. உலையின் சூடு உயர் அழுத்தத்தில் கொதிக்காமல் நிற்கும் ஒரு சுற்று நீரைச் சூடாக்கும். அந்த நீர் வேறொரு சுற்று நீரை ஆவியாக்கும். ஆவி சுழலியைச் சுற்றும், சுழலி கப்பலை ஓட்டும், மின்சாரமும் தரும். அந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து மூச்சுக்கு ஒட்சிசனும் எடுக்கலாம். மேலே வரவேண்டிய தேவை, உள்ளே இருக்கும் மனிதரின் சாப்பாடு முடியும்போது மட்டும்தான்.

சொல்ல எளிது. அன்றைக்கு அதைச் செய்யப் பொருளே இருக்கவில்லை. எரிபொருளைப் பொதிய சேர்க்கோனியம் என்ற உலோகம் தேவைப்பட்டது. உலகத்தில் அது ஆய்வுகூட அளவில்தான் இருந்தது. அதைத் தொன் கணக்கில் தயாரிக்கத் தனித் தொழிலே தொடங்க வைத்தார். வாஷிங்டனில் அவருக்கு ஒதுக்கிய அலுவலகமோ, பெண்களின் கழிப்பறையாக இருந்து மாற்றியமைத்த அறை. அந்த அறையில் இருந்துகொண்டு கடற்படையிலும் அணுசக்தி ஆணையத்திலும் ஒரே நேரத்தில் பதவி வகித்தார். ஒரு பக்கத்துத் தொப்பியோடு கடிதம் எழுதி, மறுபக்கத்துத் தொப்பியோடு அதற்குச் சம்மதம் கொடுப்பார். அலுவலகச் சூட்சுமம் தெரிந்த எவரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

முதல் உலையைக் கடலில் அல்ல, ஐடஹோ பாலைவனத்தில் கட்டினார். நீர்மூழ்கியின் உடல் துண்டு ஒன்றை நீர்த் தொட்டிக்குள் வைத்து, உண்மையான கப்பலில் எது எங்கே இருக்குமோ அதே இடத்தில் அதைப் பொருத்தினார். பரந்த இடத்தில் வசதியாகச் செய்து பார்த்துப் பிறகு சுருக்கலாம் என்று சொன்ன பொறியியலாளரை அவர் கேட்கவில்லை. 1953 மார்ச்சில் உலை உயிர்பெற்றது. யூனில் முழு வலுவில் ஓடிய சோதனையை ஒரு நாளோடு நிறுத்துவோம், வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். அவர் வரைபடத்தை எடுத்து அத்திலாந்திக் கடலைக் கடந்து அயர்லாந்து வரை கோடு போட வைத்தார். ஒவ்வொரு சில மணித்தியாலத்துக்கும் கப்பல் எங்கே நிற்கிறது என்று குறித்தபடி, ஏறத்தாழ நான்கு நாள், பாலைவனத்தில் நின்ற இடத்திலேயே கடலைக் கடந்தார்கள். இந்தியா தன் அரிஹந்த் நீர்மூழ்கியைக் கடலில் விடுவதற்கு முன் அதே போல ஓர் உலையைத் தரையில் கட்டிப் பார்த்தது. அது நடந்தது எங்கள் தமிழ்க் கரையில், கல்பாக்கத்தில்.

1954 ஜனவரி 21இல் கனெக்டிகட்டின் குரொட்டன் நகரில் நோட்டிலஸ் நீரில் இறக்கப்பட்டது. 1955 ஜனவரி 17இல் அணுவலுவில் புறப்பட்டது. 1958 ஓகஸ்டில் பனிக்கு அடியால் வடதுருவத்தைக் கடந்தது. இதற்கு நடுவில் கடற்படை இரண்டு முறை, 1951லும் 1952லும், றிக்கோவருக்கு அட்மிரல் பதவி உயர்வு கொடுக்காமல் தள்ளியது. இன்னும் சில மாதத்தில் வீட்டுக்குப் போகவேண்டிய நிலை. யூதர் என்பதாலா, வாய்த்துடுக்கு என்பதாலா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எம்முடைய எண்ணத்தில் இரண்டும் உண்டு. மேலவை உறுப்பினர்கள் மற்றவர்களின் பதவி உயர்வுப் பட்டியலை நிறுத்தி வைத்துத்தான் 1953இல் அவருக்கு நியாயம் கிடைத்தது.

ஏவுகணை நீர்மூழ்கிக்கு வருவோம். சாதாரணப் போர் நீர்மூழ்கி வேட்டைக்காரன். ஏவுகணை நீர்மூழ்கி அதற்கு எதிர்மாறு. ஒளிந்து கிடப்பதுதான் அதன் வேலை. தரையில் இருக்கும் ஏவுகணைக் குழியையும் விமானத் தளத்தையும் எதிரி முதல் அடியிலேயே அழித்துவிடலாம். கடலுக்கடியில் எங்கே என்று தெரியாத கப்பலை அழிக்க முடியாது. ஆகவே முதல் அடி அடிப்பவனும் திருப்பி வாங்காமல் தப்ப மாட்டான். அவன் அடிக்காமல் இருப்பான் என்பது நம்பிக்கை. ஒரு தரமும் பாவிக்கப்படாமல் இருப்பதே அந்தக் கப்பலின் வெற்றி.

முதல் கப்பலான ‘ஜோர்ஜ் வொஷிங்டன்’ அவசரத்தில் பிறந்தது. கட்டிக்கொண்டிருந்த வேட்டை நீர்மூழ்கி ஒன்றின் உடலைப் பிரித்து, நடுவில் 130 அடி நீளத்துக்கு 16 ஏவுகணைக் குழாய்கள் உள்ள பகுதியைச் செருகினார்கள். 1960 யூலை 20இல் நீருக்கடியிலிருந்து முதல் பொலாரிஸ் ஏவப்பட்டது. அழுத்திய வாயு ஏவுகணையைக் குழாயிலிருந்து மேலே தள்ள, நீரை விட்டு வெளியே வந்த பிறகுதான் அதன் எரிபொருள் பற்றிக்கொள்ளும். இந்த ஏவுகணைத் திட்டத்தை நடத்தியவர் றிக்கோவர் அல்ல, அட்மிரல் வில்லியம் றாபோர்ன். றிக்கோவர் உள்ளே வந்தால் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வார் என்று அவரை வேண்டுமென்றே வெளியே வைத்தார்கள். ஆனால் கப்பலை ஓட்டியது அவருடைய உலை. அந்த உலையைத் தொடும் ஒவ்வொரு அதிகாரியையும் அவரே நேரில் கேள்வி கேட்டுத்தான் எடுத்தார். முன்கால்கள் கட்டையாக வெட்டப்பட்ட கதிரையில் இருந்து வழுக்கியபடி பதில் சொன்னவர்களின் கதைகள் ஏராளம். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி காட்டரும் அந்த நேர்முகத்தில் வியர்த்தவர்தான்.

ஒவ்வொரு கப்பலுக்கும் நீலம், தங்கம் என்று இரண்டு குழுக்கள். ஒன்று கடலில் நிற்க மற்றது கரையில் பயிற்சி எடுக்கும். மனிதருக்கு ஓய்வு உண்டு, கப்பலுக்கு இல்லை. இருப்பிடம் தெரிந்துவிடும் என்பதால் கப்பல் செய்தி வாங்கும், அனுப்பாது. வீட்டிலிருந்து சில பத்துச் சொற்களுக்குள் ஒரு குறிப்பு அனுப்பலாம், பதில் வராது. தாயோ தகப்பனோ இறந்துபோன செய்தியை வழக்கமாகக் கப்பல் திரும்பும் வரை சொல்ல மாட்டார்கள். ஊரில் செத்தவீடு முடிந்து எட்டு நாளுக்குப் பிறகு செய்தி கேட்ட காலம் எங்களுக்கும் இருந்தது. அவர்களாவது சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்குச் சம்மதித்தவர்கள்.

1963 ஏப்ரல் 10இல் ‘திரெஷர்’ என்ற அணு நீர்மூழ்கி 129 பேரோடு அத்திலாந்திக்கில் தாழ்ந்தது. குழாய்ப் பொருத்து ஒன்று விட்டு நீர் புகுந்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. றிக்கோவர் காங்கிரசின் முன் போய், இது ஒரு பொருத்தின் பிழை மட்டுமல்ல, கட்டும் முறையின், சரிபார்க்கும் முறையின் பிழை என்று சாட்சியம் சொன்னார். ஒரு வேலைக்கு ஒரு மனிதன் பெயர் சொல்லிப் பொறுப்பாக இருக்கவேண்டும், குழு பொறுப்பு என்றால் ஒருவருமே பொறுப்பில்லை என்பது அவருடைய கட்சி. புதுக் கப்பல்களின் முதல் கடற்சோதனைக்குத் தானே ஏறிப் போனார். 81 வயதிலும் போனார்.

இனி வருவது கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு மிகவும் பிடித்த பகுதி. கொமர்ஸ் படித்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

1960களில் றிக்கோவர் ஒப்பந்த நிறுவனங்களின் பேரேடுகளைப் பார்க்கத் தொடங்கினார். ஒரே நிறுவனம் அரசுக்கும் வேலை செய்கிறது, தனியாருக்கும் செய்கிறது. இரண்டுக்கும் பொதுவான மேந்தலைச் செலவை எப்படிப் பிரிப்பது? அரசின் ஒப்பந்தம் செலவுக்கு மேல் இலாபம் தரும் வகை என்றால், பாரத்தை அந்தப் பக்கம் தள்ளினால் போதும். அடுத்த ஆண்டு முறையை மாற்றினாலும் கேட்க ஆளில்லை. கணக்கியல் தத்துவங்கள் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை அவ்வளவு இளக்கமாக இருந்தன. உண்மையில் ஒரு கப்பலுக்கு எவ்வளவு செலவானது என்று கட்டியவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று அவர் ஆண்டுக்காண்டு காங்கிரசின் முன் முறையிட்டார். பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் எதிர்த்தன. எங்கள் தொழில்காரர்தான், என்ன செய்வது. கடைசியில் 1970இல் செலவுக் கணக்கியல் நியமங்களுக்கென ஒரு சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. அது 19 நியமங்களை வகுத்தது. 1980இல் காங்கிரஸ் பணம் ஒதுக்காமல் விட, சபை மூடப்பட்டது. 1988இல் திரும்பவும் உயிர்பெற்றது. அமெரிக்க அரசாங்க ஒப்பந்தக் கணக்குப் பார்க்கும் எம்மவர் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கிழவனின் கோபத்தைத்தான் தினமும் பிரயோகிக்கிறார்கள்.

1970களில் கப்பல் கட்டும் நிறுவனங்கள் மேலதிகச் செலவுக்கு அரசிடம் பெருந்தொகை கேட்டன. ஜெனரல் டைனமிக்சின் எலெக்ட்ரிக் போட் தளம் மட்டும் 544 மில்லியன் டொலர் கேட்டது. அந்தக் கோரிக்கைகள் ஊதிப் பெருப்பிக்கப்பட்டவை, குற்றவியல் விசாரணை வேண்டும் என்று றிக்கோவர் நின்றார். 1978இல் கடற்படை சமரசம் செய்துகொண்டது. அந்தச் சண்டையில் அவர் தோற்றார்.

பிறகு வந்தது இன்னும் கசப்பானது. அதே தளத்தை நடத்திய டாக்கிஸ் வெலியோற்றிஸ் என்பவர் வேறொரு குற்றச்சாட்டில் சிக்கிக் கிரேக்கத்துக்கு ஓடிப்போய், அங்கிருந்து இரகசியங்களை வெளியே விட்டார். நிறுவனம் றிக்கோவருக்கும் பரிசுகள் கொடுத்துவந்தது என்பது அதில் ஒன்று. கடற்படை விசாரித்தது. 16 ஆண்டுகளில் 67,628 டொலர் பெறுமதி. அதில் ஒரு வைரத் தோடும் பச்சைக்கல் பதக்கமும் 1,125 டொலர். எருமைக்கொம்புப் பிடி போட்ட பழக் கத்திகளும் பட்டியலில் உண்டு. 1985 மே மாதம் கடற்படைச் செயலாளர் ஜோன் லேமன் அவருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார். நிறுவனத்துக்கு அந்தத் தொகையின் பத்து மடங்கு தண்டம். றிக்கோவர் வாங்கியதை மறுக்கவில்லை. அதற்காக ஒரு சலுகையும் செய்யவில்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும், அவரளவுக்கு அந்த நிறுவனத்தை வதைத்தவர் வேறில்லை. ஆனாலும் கணக்காய்வாளர் சுயாதீனமாக இருந்தால் மட்டும் போதாது, சுயாதீனமாகத் தெரியவும் வேண்டும் என்பது முதலாம் ஆண்டு மாணவனுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். மற்றவரின் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் கேட்டவர் அதை மீறினார். கோயில், சங்கம் என்று பொதுக் காசு கையாளும் எம்மவர் நல்லவர்களுக்கும் இந்த இடத்தில்தான் கால் சறுக்குகிறது. தான் நேர்மையானவன் என்ற நிச்சயம் கண்ணை மறைத்துவிடுகிறது.

1982 ஜனவரியில், 63 ஆண்டுச் சேவையின் பின், அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். றேகனோடு நடந்த சந்திப்பில் சத்தம் போட்டுவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகள் கணிதமும் விஞ்ஞானமும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. 1983இல் அவர் தொடங்கிய அமைப்புத்தான் இன்று கோடை காலத்தில் எம்.ஐ.டி.யில் உயர்தர மாணவர்களுக்கான ஆராய்ச்சி முகாமை நடத்துகிறது. அதற்கு விண்ணப்பம் நிரப்பிய பிள்ளைகள் உள்ள வீடுகள் நியூ ஜேர்சியிலும் டெக்சாசிலும் இருக்கும். 1986 யூலை 8இல் இறந்தார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று நாள் முன்னர், 1982 ஜனவரி 28இல், காங்கிரஸ் குழு ஒன்றின் முன் கடைசியாகச் சாட்சியம் சொல்ல அழைத்திருந்தார்கள். தான் உருவாக்கிய கப்பல்களைப் பற்றி அங்கே கேட்டார்கள். அவை அவசியமான தீமை, முடியுமானால் எல்லாவற்றையும் தாழ்த்திவிடுவேன், என் பங்கை நினைத்துப் பெருமைப்படவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். மனித குலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அறையில் இருந்தவர்கள் புகழ்ந்து வழியனுப்ப வந்தவர்கள். பிற்பாடு சிலர் அதை வயதானவரின் மனச்சோர்வு என்றார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. மக்கூவில் எஞ்சியவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர், ஓர் அரசு தீர்மானித்துவிட்டால் எது வரை போகும் என்பதைப் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்ல. தங்களைக் காத்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அகதிகளுக்கு ஒரு எண்ணம் இருக்கும். அவர் தன் வாழ்நாளையே கொடுத்தார். கொடுத்த பொருளைக் கடைசியில் அவரே ஐந்தொகையின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தடுமாறினார். சனிவேலில் வேலை கிடைத்த பிள்ளையிடம் போகவேண்டாம் என்றோ போ என்றோ சொல்ல எம்மிடம் பதில் இல்லை. இந்த 1982ஆம் ஆண்டுச் சாட்சியத்தை எடுத்து ஒருமுறை வாசி என்று மட்டும் சொல்லலாம்.

அந்தச் சாட்சியத்துக்கு இரண்டரை மாதத்துக்கு முன்னர்தான், 1981 நவம்பர் 11இல், ‘ஒஹாயோ’ சேவைக்கு வந்திருந்தது. 560 அடி நீளம், 24 ஏவுகணைக் குழாய்கள், ஓட்டுவது அவருடைய பிரிவு வடிவமைத்த உலை. அந்த வகையில் ஏவுகணை சுமக்கும் கப்பல்கள் 14 இன்னமும் சேவையில் இருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்திலும் ஜோர்ஜியாவிலும் உள்ள தளங்களிலிருந்து மாறி மாறிப் புறப்பட்டு, இன்றைக்கும் அவற்றில் சில பேசாமல் நீருக்கடியில் கிடக்கின்றன.